வேப்பமூடு பூங்காவில் ஞாயிறு மாலை பாட அனுமதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பாப் டிலன், ஜோன் பயஸ், டேவ் வான் ராங்க், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்று அந்தப் பகுதியில் பாடியவர்களை வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அவர்களுக்குப் பாட இடம் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பகுதியின் மெக்டூகல் தெருவில் 1957இல் இஸ்ஸி யங் என்பவர் ஒரு சின்னக் கடை திறந்தார். நாட்டுப்புறப் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்கிற கடை. வியாபாரம் பெரிதாக ஓடவில்லை, ஆனால் ஊருக்குப் புதிதாக வரும் பாடகர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். 1961 ஜனவரியில் 19 வயதுப் பையனாக வந்து இறங்கிய டிலனும் அப்படித்தான் போனார். அந்த வருடம் நவம்பரில் கார்னகி ஹால் என்ற புகழ்பெற்ற இசையரங்கக் கட்டடத்தில் ஒரு சிறிய அரங்கை எடுத்து டிலனுக்குக் கச்சேரி வைத்தார் யங். வந்தவர்கள் 50 சொச்சம் பேர். பணம் போனதுதான் மிச்சம். ஆனாலும் அவர் கடையை மூடிவிட்டுப் போகவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. அங்கேயே இருக்கும் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிட்டாரும் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியமுமாகக் கூடிப் பாடுவது பல வருடப் பழக்கம். பூங்கா அதிகாரி திடீரென்று அனுமதி கிடையாது என்றார். ஏப்ரல் 9 அன்று யங் முன்னால் நிற்க, நூற்றுக்கணக்கானோர் பாடிக்கொண்டே பூங்காவுக்குள் போனார்கள். போலீஸ் தள்ளுமுள்ளு செய்து சிலரைப் பிடித்தது. அடுத்த மாதமே மேயர் இறங்கி வந்தார், ஞாயிறு பாட்டு திரும்பக் கிடைத்தது. இடம் கொடுத்தவர் யங் மட்டுமல்ல, மேக்ஸ் கார்டன் என்பவர் அங்கே 1935இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறைக் கிளப் இன்றும் நடக்கிறது. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நேரடிப் பதிவுகள் அந்தக் கிளப்பில் எடுத்தவைதான்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருகிறேன். பாட ஆளில்லாத மண்ணா இது? கர்நாடக இசைக் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் இங்கே வடிவீஸ்வரத்தில் பிறந்தவர். வில்லுப்பாட்டைக் கொடை என்கிற கோயில் திருவிழாவிலிருந்து பொது மேடைக்குக் கொண்டுபோன கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் எங்கள் ஒழுகினசேரிக்காரர். இன்றைக்கும் சுடலைமாடன் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க வில் கட்டிப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வில்லின் நாணில் வீசுகோல் பட்டதும் மணிகள் குலுங்க, பக்கத்தில் குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கிற அந்தச் சத்தம் பந்தலுக்கு வெளியே நிற்கிறவர் வயிற்றில் வந்து விழும். இன்னொரு பக்கம், கிட்டாரும் கீபோர்டும் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவான கொயரில் படித்துக்கொண்ட பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கொடைக்காரரும் கொயர்காரரும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்க மட்டும் இங்கே இடமில்லை.

போன மாதம் நகரில் ஒரு பொது இடத்தில் நாலைந்து கல்லூரிப் பையன்கள் ஒரே கிட்டாரை மாற்றி மாற்றி வாங்கி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சிலிருந்த ஒரு பாட்டி தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளி வந்து, “மக்கா, இங்கயெல்லாம் பாடப்பிடாது, எழும்பிப் போங்கோ” என்றார். பையன்கள் வாயைத் திறக்காமல் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காவலாளியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்று முழுவதும் மனசு ஆறவில்லை.

மாநகராட்சிக்கு என் கோரிக்கை இதுதான். வேப்பமூடு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை யார் வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம் என்று அனுமதி கொடுங்கள். மேடை, பந்தல், ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டாம். ஒலிபெருக்கி வந்தால் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் தொல்லை, அப்புறம் அதுவே தடைக்குக் காரணமாகிவிடும். ஒரு மரத்தடி போதும்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1961 செப்டம்பரில் டிலன் வேறொரு குழுவுக்கு முன்னால் பாடுகிற துணைப் பாடகர்தான். நியூயார்க் டைம்ஸில் ராபர்ட் ஷெல்டன் அவரை முதன்மைப்படுத்தி விமர்சனம் எழுதினார். அடுத்த மாதமே கொலம்பியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. நம் ஊர்க் கொடைச் செய்திகளில் அன்னதானமும் வந்துபோன பிரமுகர்கள் பெயரும் தவறாமல் வருகின்றன, பாடியவர் ‘வில்லிசை நடைபெற்றது’ என்ற இரண்டு சொல்லோடு போய்விடுகிறார். அடுத்த கொடைக்கு நிருபரை ராத்திரியே அனுப்பி வையுங்கள். யார் பாடினார், எந்தக் கதையைப் பாடினார், குடம் அடித்தவர் யார் என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஒழுகினசேரி, நாகர்கோவில்