மூத்த மிஷனரித் தம்பதியர் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மிஷனரிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வயதான அமெரிக்கத் தம்பதியரைச் சம்பளத்துக்குப் பிரசாரம் செய்பவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கானாவில் தேமா நகரத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில் அத்தகைய தம்பதி ஒருவரின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் என்ற முறையில், அந்த வரி உண்மைக்குப் புறம்பானது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து அந்நெறியிலேயே வாழ்ந்து வருபவன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தம்பதியருக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட கணவனும் மனைவியும் தாங்களாக விண்ணப்பிக்கிறார்கள். எங்கே போக வேண்டும், என்ன வேலை பார்க்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியிலுள்ள தலைமையகம் முடிவுசெய்து கடிதம் அனுப்புகிறது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து மூன்று மாதங்கள் என்று காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவரவர் ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும்தான் போகின்றன. வாடகை மிக அதிகமான நாடுகளுக்குப் போகத் தயங்கியவர்களை மனத்தில் வைத்து, 2011ஆம் ஆண்டில் வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்கும் ஏற்பாடு வந்தது. அந்த வரம்பு வரையிலான தொகையையும் அவர்களே செலுத்த வேண்டியிருந்தது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

அடுத்து, அவர்கள் செய்யும் வேலை. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையும் அணிந்து வீடு வீடாகச் செல்பவர்கள் இளைஞர்கள். மூத்த தம்பதியரில் பலர் அந்த வேலையைச் செய்வதே இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகளைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கானாவின் தலைநகரான அக்ராவிலும் இருவருக்கும் ஏறக்குறைய அதே வேலைதான் வாய்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட இளம் மிஷனரிகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த பிள்ளைகள், பணியாற்றும் பகுதியின் அலுவலகத்தை நடத்துவது அவர்கள் பொறுப்பு. காலையில் தேமா நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பிக்கப் வண்டிகள் முறை வைத்துச் சோதனைக்கு வரும். பெரியவர் ஒவ்வொன்றாகப் பயணப் பதிவேட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை வண்டியின் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எழுபது வயதை நெருங்கியவர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, டார்ச் விளக்கை அடித்து பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், அது கடமைக்குப் பார்க்கும் பார்வை அன்று.

அந்த அம்மையாரின் பொறுப்பு இன்னும் கடினமானது என்பேன். இளைஞர்கள் தங்கும் வாடகை வீடுகள் அனைத்தும் அவர் கையில் இருந்தன. கானாவில் 1963ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நடைமுறையில் வீட்டுக்காரர்கள் ஓராண்டு, ஈராண்டு வாடகையை மொத்தமாக வைத்தால்தான் சாவியைக் கொடுப்பார்கள். ஆகவே எந்த வீட்டின் முன்பணம் எப்போது தீர்கிறது, எங்கே தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, எந்த வீட்டில் கொசுவலை கிழிந்துவிட்டது என்பதெல்லாம் அவருடைய நீளமான குறிப்பேட்டில் வரிசையாக இருக்கும். காலக்கெடு நெருங்கும் வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருப்பார். 2014, 2015ஆம் ஆண்டுகளில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கணினி பெரும்பாலும் அணைந்தே கிடந்ததால், அந்தக் குறிப்பேட்டை நம்பித்தான் அலுவலகம் ஓடியது.

தங்குமிட அனுமதியைப் புதுப்பிப்பது, வெளிநாட்டவர் அடையாள அட்டை வாங்கித் தருவது ஆகியவையும் இத்தகைய தம்பதியர் பார்க்கும் வேலைகளே. இதில் அவர்கள் காட்டும் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் கானா அரசு இச்சபையின் நடவடிக்கைகள் அனைத்துக்கும் தடை விதித்தது. வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற நேர்ந்தது. 1990 நவம்பரில் தடை நீங்கும் வரை உள்ளூர் உறுப்பினர்கள் தங்கள் வீடுகளிலேயே வழிபட்டார்கள்.

எல்லாத் தம்பதியரும் அலுவலகத்தில் அமர்பவர்கள் அல்லர். தூய குடிநீர், சக்கர நாற்காலி போன்ற உதவித் திட்டங்களைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவணக் காப்பகங்களில் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பவர்களும் உண்டு. ஹரித்வாரில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கும் யாத்ரிகர் வம்சாவளிப் பதிவேடுகளை 1977 முதல் நுண்படமாக்கியது இச்சபையின் வம்சாவளி ஆய்வு அமைப்புதான் என்பது நம் வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அவர்களுடைய வீட்டு வாழ்க்கையைப் பற்றியும் ஒரு சொல். இளம் மிஷனரிகளுக்கு இருக்கும் கட்டாய நேர அட்டவணை மூத்தவர்களுக்கு இல்லை; வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவும் தடையில்லை. ஆனால் அக்ராவில் இரவு பத்து மணி ஆகும்போது அங்கே யூட்டாவில் பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து உழைத்த இருவரும் அந்த நேரத்துக்காக உறக்கத்தைத் தள்ளிப்போட்டு விழித்திருப்பார்கள். மூன்றாவது பேரன் பிறந்ததைக் கைபேசித் திரையில்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியும் தேநீரும் அருந்த மாட்டார்கள்; 1833ஆம் ஆண்டில் அருளப்பட்டதாக அவர்கள் நம்பும் மறைமொழியிலிருந்து வந்த விதி அது. என் மனைவி இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் கொடுத்த மோரை இருவரும் விரும்பிக் குடித்தார்கள். என்னிடமோ என் மனைவியிடமோ ஒருமுறைகூட மதம் மாறச் சொன்னதில்லை.

இச்சபையின்மீது கேட்க வேண்டிய கேள்விகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. கறுப்பின ஆண்களுக்கு அதன் குருத்துவம் 1978 ஜூன் வரை மறுக்கப்பட்டிருந்தது. கானாவில் படித்தவர்கள் இதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. கேப் கோஸ்ட் நகரில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் தலைமையகத்தின் அங்கீகாரம் இல்லாமலேயே 1960களில் சபைக் கூட்டங்களை நடத்தத் தொடங்கி, அந்தக் குருத்துவத் தடை நீங்கும் வரை காத்திருந்தார். தடை நீங்கிய அதே ஆண்டின் இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் மேபி, கேனன் என்ற இரண்டு மூத்த தம்பதியர். அவர்கள் வந்த பிறகே ஜான்சன் திருமுழுக்குப் பெற்றார். மதமாற்றம் சபையின் நோக்கங்களுள் ஒன்று என்பதையும், தம்பதியரின் உழைப்பு அதற்குத் துணைநிற்கிறது என்பதையும் யாரும் மறைக்கவில்லை. இவற்றை எழுதி விமர்சிக்கத் தங்கள் கட்டுரையாளருக்கு முழு உரிமை உண்டு. என் மனத்தை உறுத்துவது வேறு. தம் சேமிப்பைச் செலவழித்து, மூட்டுவலியோடு வண்டிக்கடியில் குனிந்தும் வீட்டுக்காரரோடு வாதாடியும் உழைத்தவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டது விமர்சனம் ஆகாது.

வரும் ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த அமைப்பைப் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தால், அத்தகைய அலுவலகம் ஒன்றில் செய்தியாளர் ஒரு நாள் முழுவதும் உடனிருந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
கும்பகோணம்.