பிரஷர் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பொது மருத்துவர்களே,

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் உங்கள் முன் உட்காருகிறார். பிரஷர் 150/100. அப்பாவுக்கு இருந்ததா, சர்க்கரை உண்டா, ஊறுகாய் அப்பளம் அதிகமா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். எல்லாம் தேவையான கேள்விகள்தாம். ஆனால் "கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதா?" என்று உங்களில் எத்தனை பேர் கேட்கிறீர்கள்? அது மகப்பேறு மருத்துவரின் பாடு, பிள்ளை பிறந்ததோடு தீர்ந்த கதை என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். தீரவில்லை. மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் தூங்கியும் இருக்கலாம். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ரத்தக்குழாயின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. எண்டோதீலியம் என்று படித்திருப்பீர்கள். நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது, ரத்தம் உள்ளேயே உறைந்துவிடாமல் காப்பது, எது வெளியே கசியலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை. அதற்கு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி இடைவிடாமல் கிடைத்தாக வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும் நோயான பிரீஎக்ளாம்ப்சியாவில், முக்கியமாக அது முன்கூட்டியே தொடங்கும்போது, கர்ப்பப்பையின் சுருள் தமனிகள் போதிய அளவு அகன்றிருப்பதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவு மீறிக் கலக்கிறது. அந்தப் புரதம் விஇஜிஎஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, உட்சுவர் பட்டினி கிடக்கிறது. குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறுகிறது. நீர் கசிந்து முகமும் கையும் வீங்குகின்றன. சிறுநீரக வடிகட்டியின் உட்சுவர்ச் செல்கள் உப்பிப்போய் ரத்த வழியை நெருக்குகின்றன, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கி, அசெட்டிக் அமிலம் சில சொட்டு விட்ட பிறகும் தெளியாமல் நிற்குமே ஒரு வெண்கலங்கல், அது இதனால் வருவதுதான்.

2003-இல் பாஸ்டனில் சிறுநீரகவியல் ஆய்வாளர் ஆனந்த் கருமாஞ்சியின் குழுவினர் எஸ்எஃப்எல்டி-1 புரதத்தை எலிகளின் உடலில் மிகுதியாகச் சுரக்க வைத்தார்கள். பிரஷர், ஆல்புமின், உப்பிய சிறுநீரகச் செல்கள் மூன்றும் வந்தன. எலிக் கதை என்று முகம் சுளிப்பவர்கள் புற்றுநோய் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து ஏற்றிய நோயாளிகளில் பலருக்கு, ஆண்களுக்கும்கூட, பிரஷர் ஏறுவதையும் சிறுநீரில் புரதம் போவதையும் காணலாம்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் எஸ்எஃப்எல்டி-1 சில நாட்களில் வடிந்துவிடும். பிரஷரும் பெரும்பாலும் 12 வாரங்களுக்குள் இறங்கிவிடும். தாய் வீட்டுக்குப் போகிறார், கோப்பு மூடப்படுகிறது. ஆனால் ஆண்டுகள் கழித்துக் கைத்தமனி எவ்வளவு விரிகிறது என்று அளந்த ஆய்வுகளில், இந்தப் பெண்களின் குழாய்கள் மற்றவர்களுடையதைப் போல விரியவில்லை. 2007-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்கு. இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் சுமார் இரண்டு மடங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2011-லேயே இதை இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது. கர்ப்பம் குழாய்களைக் கெடுத்ததா, ஏற்கெனவே நலிந்திருந்த குழாய்களைக் கர்ப்பம் காட்டிக்கொடுத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விடை எதுவானாலும் உங்கள் மேசைக்கு எதிரே இருக்கும் பெண்ணுக்கான கவனிப்பு ஒன்றுதான்.

நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலர் விழிப்பார்கள். "சிறுநீரில் உப்பு போகிறது என்றார்களா? மாதம் நிறையும் முன்பே பிள்ளையை எடுத்தார்களா? வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்களா?" என்று கேளுங்கள். (ஆல்புமினைத்தான் பேச்சுவழக்கில் உப்பு என்பார்கள்.) பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பலர், கொண்டுவரச் சொல்லுங்கள். ஆமென்று தெரிந்தால், பிரஷர் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை அதைப் பாருங்கள்; சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர் ஆல்புமின் ஆகியவற்றையும் அவ்வப்போது பாருங்கள்.

இளம்பெண்ணாக இருந்து அடுத்த பிள்ளைக்குத் திட்டமிட்டிருந்தால், கருவுற்றதும் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரங்களுக்கு முன்பே தொடங்கினால்தான் முழுப் பலன். அவர் நாள் தள்ளிப்போனதென்று முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் உங்கள் கிளினிக்கில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியை ஒருத்தி