ஏற்காடு பஞ்சர் கடை அண்ணனுக்கு நன்றி

ஞாயித்துக்கிழமை பகோடா பாயின்ட் பக்கம் கார் கேரியர்ல ஹாம் ரேடியோவுக்கு 40 மீட்டர் பேண்டு (7 மெகாஹெர்ட்ஸ்) விப் ஆன்டெனாவ, அதாவது கம்பி ஆன்டெனாவ மாட்டிட்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற அளவு, 1 பக்கம் இருந்தா நல்லது) பாத்தா 3க்கு மேல, கம்பிய ஏத்தி எறக்கி ஒரு மணி நேரம் போச்சு, ஒண்ணும் அசையல. பஞ்சர் கடை அண்ணே ஒருத்தர் வந்து எட்டிப் பாத்துட்டு "தம்பி, கேரியர் பூரா பெயின்ட்டு, பாடி எர்த் எங்க வருது?"ன்னாரு. ரேடியோவே தெரியாத மனுஷன்! அரத்த எடுத்து ரூபா காசு அளவு சுரண்டி, பழைய பேட்டரி எர்த் பட்டைய வச்சு பின்கதவு போல்ட்டுல முறுக்கிவிட்டாரு. மீட்டர் 1.8க்கு எறங்குச்சு. ரெசனன்ஸ் (ஆன்டெனா நல்லா ஒத்துப்போற அலைவரிசை) 7.02 மெகாஹெர்ட்ஸ்ல இருந்துச்சு, விப்ப ரெண்டு விரக்கட உள்ள தள்ளுனதும் 7.09ல எஸ்டபிள்யூஆர் 1.3. காசு குடுத்தா வாங்கல, டீ மட்டும் போதும்னுட்டாரு. பேரு கேக்க மறந்துட்டேன்ணே, ரொம்ப நன்றி. சுரண்டுன எடத்துல கிரீஸ் தடவிட்டேன், நீங்க சொன்ன மாதிரியே.