தூண்டிலோடு வருவோருக்கு ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் எம்மவர்களின் பெட்டிகளில் இப்போது தூண்டில் தடிகளும் வருகின்றன. ஊரிலுள்ள இளைஞர்களும் றீல் பூட்டிய தடிகளை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பண்ணை, பொன்னாலை, தொண்டைமானாறு என்று பாலமும் மதகும் உள்ள இடமெல்லாம் மாலையில் தூண்டில் விழுகிறது. இது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அந்தத் தண்ணீரை நம்பி அடுப்பு எரிக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் இருப்பதால், அதற்கு ஒரு முறை வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் முதலில் கேட்பது, "லைசென்ஸ் எங்கே எடுப்பது?" என்பதுதான். அவர்கள் பழகியது அப்படி. எங்கள் நாட்டில் இந்த விடயத்துக்கு அடிப்படையாக இருப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, ஒழுங்குவிதிகளில் குறித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவை என்கிறது. படகுகள் பதியப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இது தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். எனவே படகு ஏறித் தூண்டில் போட நினைப்பவர், ஏறுமுன் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, பதிவிலக்கம் எழுதிய படகில் மட்டும் ஏற வேண்டும். பாலத்தில் நிற்பவரும் அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நிற்பதே மரியாதை.

சட்டத்திலுள்ள தடைகளோ எல்லோருக்கும் பொது. வெடியும் நஞ்சும் மீனை மயக்கும் பொருள்களும் எவர் கையிலும் குற்றம். ஒற்றை நைலோன் இழையான தங்கூசியால் பின்னிய வலைக்கு 2006 முதல் தடை உண்டு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்: தடை வலைக்கு. தடியில் சுற்றிய ஒற்றைத் தங்கூசி வலை ஆகாது. ஆனால் "சும்மா இரைமீன் பிடிக்க" என்று தங்கூசி வலைத் துண்டு ஒன்றைக் கூடவே கொண்டுபோவது குற்றம்தான். ஆமை, கடற்பன்றி இரண்டும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தூண்டிலில் தற்செயலாகப் பட்டாலும் விட்டுவிட வேண்டியவை. ஆமை பட்டால் நூலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தொண்டை கிழிந்துவிடும். ஓட்டின் இரு பக்கமும் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, கொக்கி வெளியே தெரிந்தால் கழற்றி, உள்ளே போயிருந்தால் வாயோடு ஒட்ட நூலை வெட்டி விட வேண்டும். வெளிக்கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். வாலின் மேல்மடல் உடம்பளவுக்கு நீண்டிருக்கும் சுறா இனத்தைப் பிடிப்பது 2012 முதல் தடை. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்கா ஆனது. அதன் எல்லைக்குள் தூண்டிலோடு போகவே கூடாது.

தடைகள் இவ்வளவும் இருந்தும், பாலத்தில் நிற்பவருக்கு உண்மையில் தேவைப்படும் கேள்விகளுக்குப் பதில் வேண்டியிருக்கிறது. எத்தனை மீன்? எந்த அளவு? பிடித்ததை விற்கலாமா?

இதற்கு அவுஸ்திரேலியாவைப் பார்ப்பது பயன் தரும். எங்கள் கடல்நீரேரியில் ஓடும் அதே கொடுவாய் மீன் அங்கேயும் ஓடுகிறது. அங்கே அதன் பெயர் பரமுண்டி. அந்த நாட்டில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ சவுத் வேல்ஸில் 18 வயதுக்கு மேற்பட்டவர், கடலானாலும் ஆறானாலும் கட்டணம் செலுத்திய சீட்டோடுதான் தூண்டில் போடலாம். மூன்று நாள், ஒரு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று வகை உண்டு. விக்ரோரியாவில் 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் சீட்டுத் தேவையில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் கடற்கரையில் நின்று தூண்டில் போட ஒன்றும் வேண்டாம், எஞ்சின் படகில் ஏறினால் சீட்டு வேண்டும். குயின்ஸ்லாந்தில் கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுச் சீட்டே இல்லை. மீன்குஞ்சு விட்டு வளர்க்கும் குறித்த நீர்த்தேக்கங்களுக்கு மட்டும் உண்டு. ஆனால் சீட்டு இல்லாத அந்தக் குயின்ஸ்லாந்திலும் கொடுவாய்க்கான விதி இறுக்கமானது. 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததும் 120ஐத் தாண்டியதும் விடப்பட வேண்டும். ஒருவர் கையில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிழக்குக் கரையில் கார்த்திகை முதல் தை முடிய மூன்று மாதம் பிடிக்கவே தடை. கட்டணத்தை விட அளவுதான் மீனைக் காக்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஏன் மேலும் கீழும் இரண்டு எல்லை? கொடுவாய் ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறும் மீன். மூன்று, நான்கு வயதில் ஆணாகப் பருவமடைகிறது. 80, 90 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும்போது அதே மீன் பெண்ணாகிறது. அதாவது பாலத்தில் நின்று படம் எடுக்கப்படும் பெரிய மீன்கள் அநேகமாக எல்லாமே பெண். ஒரு பருவத்தில் பத்து இலட்சக் கணக்கில் முட்டையிடும் தாய்கள். சிறியதைப் பிடித்தால் தந்தை ஆகுமுன் போகிறது, மிகப் பெரியதைப் பிடித்தால் தாய் போகிறது. முகத்துவாரத்தின் உவர் நீரில் முட்டையிட்டு, குஞ்சுகள் மாரி வெள்ளத்தோடு மதகுகளும் பாலங்களும் வழியாக உள்நீருக்குள் ஏறுகின்றன. தூண்டில்காரர் கூடும் இடமும் அதே மதகுகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனவே இங்கே தூண்டில் தடிக்கு ஒரு விதியை முன்வைக்கிறோம்: கொடுவாய் ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்று, 58 முதல் 90 சென்ரிமீற்றர் வரை, மாரியில் தொண்டைமானாற்று மதகு திறந்திருக்கும் நாள்களில் மதகடியில் தூண்டில் இல்லை. வலையில் படும் கொடுவாய்க்கு இந்த மேல் எல்லையைப் போடும்படி கேட்கவில்லை. வலையில் செத்த மீனைத் திருப்பி எறிவதால் எவருக்கும் பயனில்லை. தடியில் பட்டதோ உயிரோடு கைக்கு வருகிறது, விடலாம்.

விடுவதற்கும் முறை உண்டு. விட்ட மீன் அரை மணி கழித்து மிதந்தால் விட்டதில் என்ன பலன்? போலி இரைகளில் வரும் மூன்று முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போடுங்கள். முனைக்குப் பின்னாலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் ஒரு திருகில் கழன்று வரும். இறால் கோத்துப் போடுபவர்களுக்கு முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி நல்லது. சாதாரணக் கொக்கியை மீன் விழுங்கிவிடும். வட்டக் கொக்கி அநேகமாக வாய்க் கடைவாயில் மாட்டும். அதற்குத் தடியைச் சுண்டி இழுக்கக் கூடாது, நூல் இறுகும் வரை பொறுத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். சுண்டும் பழக்கம் உள்ளவர்கள்தான் "வட்டக் கொக்கியில் மீன் நிற்காது" என்பவர்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் புண் பிடிக்கும். பெரிய மீனைத் தாடையில் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். கொடுவாயின் செவுள் மூடி விரலை வெட்டும், அதற்குள் கையை விடாதீர்கள். பாலத்திலிருந்து தூக்குவதுதான் மிகக் கெட்டது. நான்கைந்து கிலோ மீனைத் தங்கூசியால் மேலே இழுத்தால் தாடை கிழியும், இல்லை நூல் அறுந்து கொக்கியோடு போகும். கயிறு கட்டிய வளையவலை ஒன்றை இறக்கி அதில் ஏந்த வேண்டும்.

ஓரா, ஒட்டி, கெளிறு, திருக்கை இவற்றின் முள் விஷம். புதிதாய் வருபவர் பலர் ஓராவைச் சின்ன மீன் என்று வெறுங்கையால் பிடித்து, கடுப்புத் தாங்காமல் துடிக்கிறார்கள். குத்திய இடத்தைக் கை தாங்கும் சூட்டு நீரில், 45 பாகை செல்சியஸ் அளவில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் கடுப்பு இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தால், அல்லது திருக்கை ஆழமாகக் குத்தியிருந்தால், ஆசுபத்திரிக்குத்தான். பரவைக்கடலில் இறங்கி நடப்பவர் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். பேத்தை மீன் பட்டால் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

இனி, தொழிலாளர் பக்கம். கடல்நீரேரியில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகள் நீளமாக நிற்கின்றன. இருட்டில் எறிந்த போலி இரை அதில் சிக்கினால் தூண்டில்காரர் பலங்கொண்டு இழுக்கிறார். அவருக்குப் போவது ஓர் இரை. வலைக்காரருக்குக் கண்ணி கிழிந்து, விடியுமுன் அந்த ஓட்டையால் இரவுப் பாடு முழுவதும் போய்விடும். சிக்கினால் இழுக்காதீர்கள். நூலை வெட்டிவிட்டு, காலையில் வலைக்காரரிடம் இடத்தைச் சொல்லுங்கள். கொக்கி வலையில் இருப்பது தெரியாமல் அவர் கையை வைப்பார். வலைக்கு 50 மீற்றருக்குள் எறிவதில்லை என்பதை விதியாகவே எழுத வேண்டும். சிக்கலெடுத்த தங்கூசியைப் பாலத்தடியில் எறிவதும் அப்படியே. அது உக்காது, கொக்கும் நாரையும் காலில் சுற்றிச் சாகும், சின்ன எஞ்சின்களின் சுழலியில் சுற்றும். ஒரு போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விற்பனைத் தடை. அவுஸ்திரேலிய மாநிலங்களில் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பது குற்றம். விற்பதற்குத் தொழில் அனுமதி வேண்டும். இங்கே அந்தக் கோடு கீறப்படாவிட்டால், எரிபொருளும் வலையும் கடனில் வாங்கியவர் கொண்டுவரும் கொடுவாய்க்குப் பக்கத்தில், சும்மா பிடித்த கொடுவாயும் கடைக்கு வரும், விலை விழும். தூண்டில் மீன் வீட்டுச் சட்டிக்கு மட்டும் என்று எழுதிவிட்டால், சங்கங்களுக்கும் தூண்டில்காரருக்கும் வரக்கூடிய பிணக்கில் பெரும்பகுதி வராமலே போகும்.

கட்டணம் வாங்குவதானால் அந்தக் காசு எங்கே போகிறது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அது பொதுத் திறைசேரியில் கரையாமல், நன்னீருக்கு ஒன்று, உவர்நீருக்கு ஒன்று என்று இரண்டு தனி நம்பிக்கை நிதிகளுக்குப் போகிறது. அதை நாமும் பின்பற்றலாம். ஆனால் அதே மாநிலம் செய்த இன்னொன்றைப் பின்பற்றவே கூடாது. அங்கே தொழில்முறை மீனவரின் உரிமைகளைக் காசு கொடுத்து வாங்கி, 30 நீர்நிலைகளைத் தூண்டில்காரருக்கென ஒதுக்கினார்கள். எங்கள் கடல்நீரேரியில் ஒரு முழ இடம்கூட அப்படிப் போக இடமளிக்கக் கூடாது.

ஆகவே கோருவது இது. சீட்டை அந்தந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே வழங்கட்டும். கட்டணத்தில் ஒரு பங்கு சங்கத்தில் நிற்கட்டும். மூன்று நாள், ஒரு மாதம், ஓராண்டு என்று வகைகள் போதும். 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் இலவசம். ஒருவருக்கு இரண்டு தடி. சீட்டின் பின்புறத்திலேயே தமிழில் அளவு, எண்ணிக்கை, விற்பனைத் தடை, விலகி நிற்க வேண்டிய தூரம் அச்சிடப்பட்டிருக்கட்டும். கடற்றொழில் பரிசோதகர் கேட்டால் அடையாள அட்டையோடு காட்ட வேண்டும். ஒன்ராரியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர் சீட்டில்லாமல் ஏரிக்கரையில் நிற்க முடியாது. அங்கிருந்து வருபவர் இங்கே ஒரு சீட்டு எடுக்கச் சலிக்கப் போவதில்லை.

அளவு நாடாவை எவரும் கொண்டு வருவதில்லை என்பதால், பண்ணையிலும் பொன்னாலையிலும் தொண்டைமானாற்றிலும் பாலத்துக் கட்டிலேயே ஒரு மீற்றர் நீளத்துக்கு வர்ணத்தால் அளவு கீறி, 58இலும் 90இலும் சிவப்புக் கோடு போடலாம். மூக்கு நுனியைப் பூச்சியத்தில் வைத்து, வால் நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அடுத்த மாரிக்கு முன் இதையாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடல்நீரேரிக் கரை வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.