ரிலேயும் நாலு செல்லும்

கண்ணு,

சிநேகிதியோட விளையாட, விரல்ல லேசா ஷாக் அடிக்கிற பொம்மை பண்ணணும், ஆனா 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டாலும் விரலுக்கு ஒண்ணும் தெரியலேன்னு எழுதியிருந்தே. காய்ஞ்ச தோலோட தடை பல்லாயிரம் ஓம், அதைத் தாண்ட 9 வோல்ட்டுக்குத் தெம்பு பத்தாது. நாக்கு ஈரமா இருக்கிறதால அங்கே மட்டும் சுருக்குன்னு கடிக்கும்.

ஷாக் அடிக்கிறது பேட்டரி இல்லை, காயில், அதாவது கம்பிச் சுருள். காயில்ல ஓடுற கரண்டைச் சட்டுன்னு அறுத்தா, அந்த நொடியில அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல நூறு வோல்ட்டுக்கு மேல எகிறும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1832-ல எழுதின தன் மின்தூண்டல் இதுதான். பழைய பள்ளிக்கூட மின்மணி போல, அறுக்கிற வேலையை ரிலேயே தானா செஞ்சுக்கும்படி பண்ணணும். ரிலேன்னா காயில் காந்தமாகி இழுக்கிற ஸ்விட்ச்; இழுத்ததும் கரண்ட் அறும், காந்தம் போய் ஸ்விட்ச் திரும்ப மூடும், மறுபடி இழுக்கும்.

6 வோல்ட் ரிலே ஒண்ணு, அஞ்சு கால் உள்ளதா வாங்கு. பென்சில் செல் 4, அமுக்கு பட்டன் 1, கரண்டை மட்டுப்படுத்துற 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, சின்னத் தகடு 2, சோதிச்சுப் பார்க்க நியான் பல்பு 1, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1 போதும். கடைக்காரர் ரிலே மாட்யூல், அதாவது போர்டுல பொருத்தின ரிலே, கொடுத்தா வேண்டாம்னு சொல்லிடு. அதுல காயிலுக்குக் குறுக்கே டையோடு (கரண்டை ஒரே திசையில விடுறது) இருக்கும், எகிறுற வோல்ட்டை அதுவே முழுங்கிடும்.

கால்களை மல்டிமீட்டரை வச்சுக் கண்டுபிடி. ஏறக்குறைய 100 ஓம் காட்டுற ஜோடி காயில். பேட்டரி கொடுக்காதப்பவே பீப் அடிக்கிற ஜோடி, மூடியிருக்கிற கான்டாக்ட், அதாவது ஸ்விட்ச் முனை. செல்லோட பிளஸ்ஸிலிருந்து பட்டன், பட்டனிலிருந்து அந்தக் கான்டாக்ட், அங்கிருந்து காயில், காயிலோட மறுமுனை மைனஸுக்கு. அமுக்கினதும் வண்டு மாதிரி ர்ர்ர்னு அதிரணும். ஒரே ஒரு 'டிக்' கேட்டு நின்னுட்டா கான்டாக்ட் ஒட்டிக்கிட்டிருக்கும், மெதுவாத் தட்டிப் பாரு. சத்தமே இல்லேன்னா திறந்திருக்கிற காலில் வயரை இணைச்சிருப்பே. இல்லேன்னா செல் இறங்கியிருக்கும். நாலும் சேர்ந்து 4.5 வோல்ட்டுக்குக் கீழே போச்சுன்னா இந்த ரிலே இழுக்கிறது சந்தேகம். அதிரும்போது மட்டும் காயில்ல மீட்டரை வைக்காதே, அந்த எகிறல்ல மீட்டர் போயிடலாம்.

விரலை வைக்கிறதுக்கு முன்னாடி, லைன் டெஸ்டர்ல இருக்குமே அந்தச் சின்ன நியான் பல்பு, அதை 100 கிலோ ஓம் ரெசிஸ்டரோட காயில் முனைகள்ல போட்டுப் பாரு. வெறும் 6 வோல்ட் பேட்டரியை வச்சுக்கிட்டே பல்பு உள்ள ஆரஞ்சு நிறத்துல மினுங்கும். அது பத்த ஏறக்குறைய 70, 80 வோல்ட்டாவது வேணும், அப்ப சர்க்யூட் சரின்னு அர்த்தம்.

காயிலோட ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு 10 கிலோ ஓம் வழியா ஒரு தகடு. ரெண்டு தகடும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில பக்கத்துப் பக்கத்துலயே இருக்கணும். அப்பத்தான் கரண்ட் ஒரே விரலோட நிக்கும். ஒரு கைக்கு ஒண்ணுன்னு தகடு வச்சா, அது நெஞ்சு வழியாப் போகும். அதை மட்டும் செய்யவே செய்யாதே.

ஷாக் மெல்லிசா இருக்குன்னு ரெசிஸ்டரை எடுக்காதே, செல்லையும் கூட்டாதே. கரண்ட் ரெண்டு மடங்கானா காயில் தேக்குற ஆற்றல் நாலு மடங்காகும். இடவப்பாதி மழையில (ஜூன்ல தொடங்குற பருவமழை) விரல் ஈரமா இருக்கும், அன்னிக்கு இன்னும் பலமாவே தெரியும். கொசு பேட், கேமரா ஃபிளாஷ் போர்டெல்லாம் வேண்டாம், ஆஃப் பண்ணினாலும் கப்பாசிட்டர் சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். வீட்டுக் கரண்ட் இதுக்குப் பக்கத்துலயே வரக்கூடாது.

பேஸ்மேக்கர், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவங்ககிட்டயும், கர்ப்பிணிகள், குழந்தைகள்கிட்டயும் நீட்டாதே. மாடிப்படியில நிக்கிறவங்க, சூடான டீயைக் கையில வச்சிருக்கிறவங்க கிட்டயும் வேண்டாம். ஷாக்கை விட அதிர்ச்சியில கையை உதறுறதுதான் அங்கே ஆபத்து. முதல்ல உன் விரல்ல அடிச்சுப் பாரு, அப்புறம் விளையாட்டுக்குச் சம்மதிக்கிற சிநேகிதிகிட்ட மட்டும்.

ஓணத்துக்குத் திருச்சூரிலிருந்து வரும்போது செல்லைக் கழட்டித் தனியா வச்சுக்கோ. பையில சாவிக்கொத்து பட்டனை அமுக்கிட்டே கிடந்தா, நம்ம ஊர் கொழிஞ்சாம்பாறை வந்து சேரும்போது கான்டாக்ட் கருகி, செல்லும் இறங்க ஆரம்பிச்சிருக்கும்.

அம்மா