மேள எண்ணும் அச்சில் விடுபட்ட சிற்றெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பகுதியில் கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களைப் பற்றி வந்த கட்டுரை, பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களும் கற்பவர்களும் கத்தரித்து வைத்துக்கொள்ளக்கூடியது. அதனாலேயே அதிலுள்ள இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி கணக்கு. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் மேள எண், அதாவது 72-இல் அந்த ராகத்தின் வரிசை எண், வரும் என்கிறது கட்டுரை. விதி சரிதான். ஆனால் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையில் க 1, ச 6, ட 1, த 6, ப 1 என்று வர்க்கத்துக்கு (எழுத்து வரிசைக்கு) ஒரே ஒரு வல்லெழுத்துதான் இருக்கிறது. இதை வைத்துக் கரஹரப்ரியாவைக் கணக்கிட்டால் க 1, ர 2, திருப்பினால் 21. அது கீரவாணி! தீரசங்கராபரணத்துக்கு 26 வந்து சாருகேசி ஆகிவிடும். தேனுகா தானரூபியாகும், பவப்ரியா பாவனியாகும். நாடகப்ரியா, நடபைரவி இரண்டுக்கும் 10 என்றே விடை வரும். தப்பாக வரும் எண்ணும் ஏதோ ஒரு மேளத்தின் எண்ணாகவே இருப்பதால், மாணவருக்குச் சந்தேகமே எழாது.

காரணம் எளிது. கடபயாதி, வர்க்கத்துக்கு நான்கு வல்லெழுத்தும் ஒரு மெல்லெழுத்தும் உள்ள சமஸ்கிருத நெடுங்கணக்குக்காக ஏற்பட்டது. கரஹரப்ரியாவின் முதல் எழுத்து அந்த வரிசையில் இரண்டாவது க. நாடகப்ரியாவில் வருவது முதல் ட, நடபைரவியில் வருவது இரண்டாவது ட.

இதற்குத் தீர்வு தமிழ் அச்சிலேயே உண்டு. எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டு அச்சிடும் வழக்கத்தைக் கீர்த்தனைப் புத்தகங்களில் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். உச்சரிப்புக்காகப் போடும் அந்தச் சிற்றெண்ணே கடபயாதி எண்ணையும் கொடுத்துவிடுகிறது. க, ட, ப வர்க்கங்களில் சிற்றெண் எதுவோ அதுவே மதிப்பு. சிற்றெண் இல்லாவிட்டால் 1. ச, த வர்க்கங்களில் அதோடு 5 கூட்ட வேண்டும். மெல்லெழுத்து ஐந்தாவது எழுத்து. ஆகவே ங, ண, ம மூன்றுக்கும் 5. ஞ, ந இரண்டுக்கும் 5-உம் 5-உம் சேர்ந்து 10, அதாவது 0. ன என்று எழுதினாலும் ந கணக்குதான். மீதி எழுத்துகள் ய 1, ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8.

இப்போது போட்டுப் பாருங்கள். க²ரஹரப்ரியா: 2, 2, மேளம் 22. தீ⁴ரசங்கராபரணம்: 4-உடன் 5 கூட்டி 9, பிறகு 2, திருப்பினால் 29. நட²பைரவி: 0, 2, மேளம் 20. ப⁴வப்ரியா: 4, 4, மேளம் 44.

கூட்டெழுத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கூட்டெழுத்தின் கடைசி மெய்யை எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஸூர்யகாந்தம் (17), த⁴ர்மவதி (59), ரத்னாங்கி (2) ஆகியவை அதற்கு ஒத்து வருகின்றன. சக்ரவாகம் ஒத்து வராது. கடைசி மெய்யான ர-வை எடுத்தால் 26. க-வை எடுத்தால்தான் 16. சித்ராம்பரியும் அப்படியே, ர-வை எடுத்தால் அதே 26, த-வை எடுத்தால் 66. தி³வ்யமணி (48), விஶ்வம்பரி (54), ஸிம்ஹேந்திரமத்யமம் (57) ஆகியவற்றிலும் முந்தைய மெய்யைத்தான் எடுக்க வேண்டும். இவற்றுக்கு விதி தேடி அலையாமல் விலக்கு என்றே பாடம் பண்ணிவிடுவது நல்லது.

இரண்டாவது பிழை: 'மாயாமாளவகௌளை ஒன்றே சமச்சீரான மேளம், அதனால்தான் அதில் சரளி வரிசை தொடங்குகிறது' என்ற வரி (சரளி வரிசை என்பது பாட்டு கற்பவரின் முதல் பயிற்சி). பல மேடைகளிலும் இதைச் சொல்லக் கேட்கிறோம். ஸ்வரங்களுக்கு இடையே எத்தனை ஸ்வரஸ்தானம் (சுருதிப் படி) ஏறுகிறோம் என்று எண்ணினால், மாயாமாளவகௌளை 1-3-1-2-1-3-1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஆனால் கரஹரப்ரியாவும் 2-1-2-2-2-1-2. சாருகேசி 2-2-1-2-1-2-2, கோகிலப்ரியா 1-2-2-2-2-2-1. தானரூபியையும் யாகப்ரியாவையும் சேர்த்தால் 6, 11, 15, 22, 26, 31 என மொத்தம் ஆறு மேளங்கள். ஆறும் சுத்த மத்யமம் (தாழ்ந்த ம). பிரதி மத்யமத்தில் (ஒரு ஸ்தானம் உயர்ந்த ம) இப்படி ஒரு மேளம்கூட அமைய முடியாது. நடுவில் வரும் ம–ப இடைவெளி அங்கே 1. இருபுறமும் சமமாக இருந்தால் மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் வரும், ஸ முதல் மேல் ஸ வரையான ஸ்தாயிக்கோ 12 வேண்டும்.

சரளி வரிசைக்கு உதவுவது வேறொரு அமைப்பு. மாயாமாளவகௌளையில் ஸரிகம-வின் இடைவெளிகளே பதநிஸ-விலும் திரும்ப வருகின்றன. பூர்வாங்கம் (முன்பாதி) பிடிபட்டால் உத்தராங்கமும் (பின்பாதி) பிடிபட்டது போலத்தான். இந்த அமைப்புள்ள சுத்த மத்யம மேளங்கள் 1, 8, 15, 22, 29, 36: கனகாங்கி, தோடி, மாயாமாளவகௌளை, கரஹரப்ரியா, சங்கராபரணம், சலநாட்டை. ஏழு ஏழாக ஏறுவது தற்செயல் அல்ல. ஒரு சக்கரத்தில் (மேளத் தொகுதியில்) ஆறு மேளம். சக்கரம் மாறினால் ரி, க மாறும். சக்கரத்துக்குள் நகர்ந்தால் த, நி மாறும். இரண்டு அங்கமும் ஒன்றாகவே மாற வேண்டுமானால் ஒரு சக்கரம் தாண்டி (6), உள்ளேயும் ஓர் இடம் நகர வேண்டும் (1).

இந்த ஆறில் மாயாமாளவகௌளையைத் தேர்ந்தெடுத்தவர்களின் காது எவ்வளவு கூர்மையானது! சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு மூன்று ஸ்தானம் ஏற வேண்டியிருப்பதால் குழந்தை ஒன்றை மற்றொன்றாகப் பாடிவிடாது. கரஹரப்ரியாவிலும் இரண்டு அங்கமும் ஒன்றுதான், ஆனால் அதன் காந்தாரமும் நிஷாதமும் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் உயிர் பெறுவதில்லை. முதல் வகுப்பில் கமகத்தைக் கேட்க முடியாது.

அடுத்த இதழில் 72 மேளங்களின் முழு அட்டவணை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ராகப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளுக்காவது சிற்றெண் போட்டு அச்சிட வேண்டுகிறேன். கூட்டெழுத்து விலக்குகளுக்கு உடுக்குறி (*) போதும். மெய்ப்புத் திருத்தும்போது 9, 20, 22, 29, 44 ஆகிய ஐந்து வரிசைகளைத் தனியாக ஒருமுறை பாருங்கள். சிற்றெண் விடுபட்டால் எண் மாறிவிடும் பெயர்களில் சில அவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்