நீரூற்றுச் சிலைக்குப் பெயின்ட் அடிக்கும் முன்: ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் பூங்காக்களையும் நீரூற்றுச் சிலைகளையும் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

சிலையில் காவிக்கறை வடிந்தால் உடனே பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் சிமெண்ட் பிளக்கிறது. மேலே ஏறும் எனாமல், புகுந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

தண்ணீரை நிறுத்திச் சிலையை நன்றாகக் காயவிடுங்கள். மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தைக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை திறக்கவேண்டும். கம்பி பிரஷால் துருவை முழுதாக நீக்கி, துத்தநாக பிரைமர் பூசி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையால் கம்பிக்கு மேல் குறைந்தது 25 மில்லிமீட்டர் கனத்துக்கு மூடி, ஏழு நாள் ஈரம் காக்கவேண்டும். பழைய சுண்ணாம்புச் சுதையாக இருந்தால் சிமெண்டைத் தொடவே வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உலோக அரிப்பு அவர்கள் துறை. அங்கே ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைத் தொடங்குவது பெரிய இழப்பு.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு செறிந்து, குழாய்முனையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். முனையைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். சிலைமேல் ஆசிட் ஊற்றவே கூடாது, சுண்ணாம்பையும் சிமெண்டையும் அது கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவதும் கெடுதல். அதிலிருந்து வரும் குளோரைடு கம்பியின் துருவை விரைவுபடுத்தும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

வேப்பிலை வடிகட்டியை அடைத்தால் பம்ப் வெறுமனே ஓடிக் கருகும், பம்ப் பக்கம் நீர் இறங்கினால் அதை நிறுத்தும் மிதவை சுவிட்ச் போடுங்கள். பிள்ளைகள் கைவிட்டு அளைவார்கள். விளக்குகள் 12 வோல்ட்டிலும், இணைப்பு 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் துண்டிப்பானோடும்தான் இருக்கவேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

தாரை எவ்வளவு உயரமோ, தொட்டி விளிம்பு குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்கட்டும். ஆடிக்காற்றில் உயரத்தைப் பாதியாக்குங்கள். பார்க்க வருபவர்களுக்காக ஓடும் நேரத்தைப் பலகையில் எழுதி, மாலை 5.30க்குத் திறந்துவிடுங்கள்.